பால் பல்லை அடைப்பது வீண்வேலையா? ஃபிக்‌ஷன் ஆய்வும் அதை வாசிக்கும் விதமும்

மருத்துவ ஆய்வுகளுக்குப் பெயர் வைப்பதில் ஆங்கிலேயர்களுக்கு ஒரு குறும்பு உண்டு. குழந்தைகளின் பல்லை அடைக்க வேண்டுமா வேண்டாமா என்று கேட்ட ஒரு பெரிய ஆய்வுக்கு, அந்தக் கேள்வியின் முதலெழுத்துகளைக் கோத்து ‘ஃபிக்‌ஷன்’ என்று பெயர் வைத்தார்கள். புனைகதை என்று பொருள். ஆய்வு புனைகதை இல்லை, நல்ல உழைப்பு. ஆனால் அது வெளிவந்த பிறகு அதன் பெயரால் சொல்லப்படுவதில் பாதி புனைகதைதான். “பால் பல் சொத்தையை அடைச்சாலும் ஒண்ணுதான், அடைக்காட்டியும் ஒண்ணுதான், பிரிட்டன்ல நிரூபிச்சுட்டாங்க” என்பது அதில் ஒன்று.

நான் பல் டாக்டர் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், ஆய்வுக் கட்டுரைகளை வாசிப்பது பொழுதுபோக்கு. ஆகவே இது மருத்துவ ஆலோசனை அல்ல. ஒரு ஆய்வு என்ன கேட்டது, என்ன அளந்தது, அளந்ததிலிருந்து எதுவரை சொல்லலாம் என்று பார்க்கும் குறிப்பு மட்டுமே. ஆய்வின் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதன் தலைப்புச் செய்தியின் மேல் இல்லை.

கேள்வி எங்கிருந்து வந்தது

பால் பற்கள் மொத்தம் இருபது. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். கடைவாய்ப் பற்கள் பத்திலிருந்து பன்னிரண்டு வயது வரை நிற்கும். “விழப்போற பல்லுதானே” என்று நாம் எல்லாப் பால் பல்லையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். நாலு வயதில் சொத்தையான கடைவாய்ப் பல் இன்னும் ஆறு, ஏழு வருஷம் சோறு மென்றாக வேண்டும். அதன் எனாமல் நிரந்தரப் பல்லைவிட மெல்லியது, உள்ளே நரம்பு இருக்கும் அறை பல்லின் அளவுக்குப் பெரியது. அதனால் சொத்தை சீக்கிரம் நரம்பை எட்டிவிடும். சீழ் பிடித்து இரண்டாவது கடைவாய்ப் பால் பல்லைப் பிடுங்கிவிட்டால், ஆறு வயதில் அதற்குப் பின்னால் முளைக்கிற நிரந்தரப் பல் முன்னால் சாய்ந்து வந்து, இன்னொரு பல்லின் இடத்தை ஆக்கிரமிக்கும்.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளது. இதிலிருந்து ‘ஆகவே சொத்தையைக் கண்டால் உடனே சுரண்டி அடை’ என்ற முடிவு தானாக வந்துவிட்டது என்றுதான் பல காலம் நினைத்தார்கள். இங்கிலாந்தில் பொதுப் பல் மருத்துவர்கள் நடைமுறையில் அப்படிச் செய்யவில்லை. குழந்தை அழும், ஊசி போட விடாது, வாயைத் திறந்து வைத்திருக்காது. கணிசமான சொத்தைகள் அடைக்கப்படாமலே இருந்தன. 2002-ல் வட இங்கிலாந்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அடைக்காமல் விடப்பட்ட 1,587 பால் பல் சொத்தைகளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை வலி தராமலே விழுந்துவிட்டன என்பது அதன் முடிவு.

பல் மருத்துவ உலகில் இது ஒரு கல்லெறி. ஆனால் பழைய பதிவேட்டை நம்பி ஒரு எல்லைவரைதான் போகலாம். எந்தப் பல்லை அடைக்காமல் விடுவது என்று முடிவு செய்தவர் ஒரு டாக்டர். விழப்போகிற பல், ஆழமில்லாத சொத்தை, இப்படிப் பார்த்துத்தான் அவர் விட்டிருப்பார். விட்டதும் நன்றாக இருந்தது என்றால், விட்டதால் நன்றாக இருந்ததா, நன்றாக இருக்கப்போவதை விட்டாரா? பதிவேடு பதில் சொல்லாது. குலுக்கல் முறையில் குழந்தைகளைப் பிரித்து, வருஷக்கணக்கில் பின்தொடரும் சோதனை வேண்டும். அதுதான் ஃபிக்‌ஷன்.

என்ன செய்தார்கள்

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் சேர்த்து 72 பொதுப் பல் மருத்துவமனைகள். மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் 1,144 குழந்தைகள். எல்லோருக்கும் குறைந்தது ஒரு கடைவாய்ப் பால் பல்லில் டென்டின் வரை இறங்கிய சொத்தை. சேரும்போது வலியோ சீழோ இருந்ததில்லை. மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள்.

முதல் குழுவுக்கு வழக்கமான வைத்தியம்: மரத்துப்போக ஊசி, சொத்தையை முழுக்கச் சுரண்டி எடுப்பது, அடைப்பது. தேவைப்பட்டால் நரம்பு வைத்தியம்.

இரண்டாவது குழுவுக்கு ‘உயிரியல்’ முறை என்று அவர்கள் அழைப்பது. சொத்தையை முழுக்க எடுக்காமல் உள்ளே வைத்தே மேலே காற்றும் சர்க்கரையும் புகாதபடி மூடிவிடுவது. உணவு கிடைக்காத கிருமி முடங்கிவிடும் என்பது இதன் அடிப்படை.

மூன்றாவது குழுவுக்கு அடைப்பே கிடையாது. பல் துலக்கப் பழக்குவது, இனிப்பைக் குறைக்கச் சொல்வது, ஃப்ளூரைடு வார்னிஷ் பூசுவது, புதிதாக முளைக்கும் நிரந்தரப் பல்லின் பள்ளங்களை மூடுவது. இந்தத் தடுப்பு வேலைகள் முதல் இரண்டு குழுவுக்கும் உண்டு.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். மூன்றாவது குழு ‘ஒண்ணும் செய்யாத’ குழு அல்ல. திரும்பத் திரும்ப டாக்டரிடம் வந்து, வாயைக் காட்டி, மருந்து பூசிக்கொண்டு போன குழு. வெறுமனே விட்டுவிட்ட குழந்தைகள் என்று ஒரு குழு இந்த ஆய்வில் இல்லவே இல்லை. ஆகவே ‘விட்டுவிடலாம்’ என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. தலைப்புச் செய்தியின் முதல் ஓட்டை இது.

முடிவு என்ன

அதிகபட்சம் மூன்று வருஷம் பின்தொடர்ந்தார்கள். கணக்கில் எடுக்க முடிந்த 1,058 குழந்தைகளில் 450 பேருக்கு ஒருமுறையாவது பல் வலியோ சீழோ வந்தது. குழுவாரியாகப் பார்த்தால் வழக்கமான வைத்தியத்தில் 42 சதவீதம், மூடிவைக்கும் முறையில் 40, தடுப்பு மட்டும் என்ற குழுவில் 45. மூன்றுக்கும் இடையே வித்தியாசம் இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2020-ல் எழுதினார்கள்.

‘வித்தியாசம் இருப்பதற்கு ஆதாரம் இல்லை’ என்பதும் ‘வித்தியாசம் இல்லை’ என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். பரிசோதனையில் பக் கிடைக்கவில்லை என்றால் மென்பொருளில் பக் இல்லை என்று எந்த டெஸ்டரும் கையெழுத்துப் போட மாட்டார். கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 350 பேர். 42-க்கும் 45-க்கும் இடையே 3 புள்ளி வித்தியாசம். இந்த அளவுள்ள இரண்டு குழுக்களை ஒப்பிடும்போது தற்செயலால் வரும் ஆட்டம், வழக்கமான 95 சதவீதக் கணக்கில், இரு பக்கமும் சுமார் 7 புள்ளி. அதாவது உண்மையான வித்தியாசம் அடைப்புக்குப் பாதகமாக 4 புள்ளியாகவும் இருக்கலாம், சாதகமாக 10 புள்ளியாகவும் இருக்கலாம். இது தோராயக் கணக்குதான். கட்டுரையில் வயது, மருத்துவமனை எல்லாம் கணக்கில் எடுத்து இன்னும் கவனமாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் படம் மாறாது.

பத்துப் புள்ளி என்றால் என்ன? பத்துக் குழந்தைகளுக்கு அடைத்தால் ஒரு குழந்தைக்கு வலி வராமல் காப்பாற்றலாம் என்று பொருள். இது சின்ன விஷயமா? குழந்தைக்குக் கன்னம் வீங்கி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த பெற்றோரைக் கேட்டால் தெரியும். அந்தச் சாத்தியத்தை இந்த ஆய்வு மறுக்கவில்லை. உறுதி செய்யவும் இல்லை. அடைப்பால் பெரிய, கண்ணில் அடிக்கிற மாதிரியான பலன் இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

டேசைடுக்கும் இதுக்கும் எப்படி ஒத்துப்போகும்?

எனக்கு உண்மையிலேயே தூக்கம் கெடுத்த இடம் இது. ஃபிக்‌ஷனுக்கு முன்பே, ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதியில் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. நோர்னா ஹால் என்ற ஸ்காட்லாந்துப் பல் டாக்டர் தன் மருத்துவமனையில் பல வருஷமாக ஒரு வேலை செய்துவந்தார். ஊசி இல்லை, சுரண்டல் இல்லை. சொத்தைக் கடைவாய்ப் பல்லின் மேல் தயாராக வாங்கிய ஸ்டீல் கேப் ஒன்றில் சிமென்ட் நிரப்பி அப்படியே அமுக்கி மாட்டிவிடுவது. கடித்தால் முதலில் உயரமாகத் தெரியும், சில வாரத்தில் பல் வரிசை தானே சரிப்படுத்திக்கொள்ளும். புத்தகம் படித்தவர்களுக்கு இது அபச்சாரம். அவருடைய பதிவுகளை அலசி 2006-ல் ஒரு கட்டுரை வந்தது. அதோடு, 132 குழந்தைகளிடம் குலுக்கல் சோதனையும் செய்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு சொத்தைப் பல், ஒன்றுக்கு ஹால் கேப், இன்னொன்றுக்கு டாக்டர் வழக்கமாகப் போடும் அடைப்பு.

ஐந்து வருஷக் கணக்கு 2011-ல் வந்தது. நரம்பு செத்துப்போவது, சீழ் பிடிப்பது போன்ற பெரிய தோல்வி, அடைத்த பல்லில் 16.5 சதவீதம், கேப் போட்ட பல்லில் 3 சதவீதம். அடைப்பு விழுவது, தேய்வது போன்ற சின்னத் தோல்வி 42-க்கு 5. 2015-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வும் கடைவாய்ப் பால் பல்லுக்கு அடைப்பைவிடக் கேப் மேல் என்றே சொன்னது.

சரி, ஹால் கேப் இவ்வளவு நல்லது என்றால், அது இடம்பெற்ற மூடிவைக்கும் குழு ஃபிக்‌ஷனில் ஏன் ஜெயிக்கவில்லை? இரண்டு ஆய்விலும் முன்னணியில் இருந்தவர் நிக்கோலா இன்னிஸ். தனக்குச் சாதகமாக முடிவு வந்த முறையையே இன்னும் கடினமான சோதனைக்கு உட்படுத்தி, வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதியவர். அந்த நேர்மை அரிது. முரண்பாட்டுக்குக் காரணம் அளவுகோலில் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

டேசைடு ஆய்வு பல்லை எண்ணியது. ஒரே வாய், ஒரே மிட்டாய், ஒரே பிரஷ், இரண்டு பல். எந்தப் பல் பிழைத்தது? ஃபிக்‌ஷன் குழந்தையை எண்ணியது. அந்தக் குழந்தையின் எந்தப் பல்லில் வலி வந்தாலும் ‘ஆம்’. டாக்டர் அருமையாக மூடிய பல் நன்றாகவே இருக்கும், பக்கத்தில் புதிதாகச் சொத்தையான இன்னொரு பல் வலிக்கும். கணக்கில் அந்தக் குழந்தை தோல்வி. ஒருமுறை வலித்த குழந்தையும் ஐந்து முறை சீழ் பிடித்த குழந்தையும் இந்தச் சதவீதத்தில் ஒன்று. எத்தனை முறை என்பதை அவர்கள் தனியாக எண்ணினார்கள்தான், ஆனால் ஊர் சுற்றுவது 42, 40, 45 மட்டுமே.

எது சரியான அளவுகோல்? இரண்டும் சரி, கேள்விகள்தான் வேறு. ‘என் பிள்ளை வலியில்லாமல் இருக்குமா?’ என்பதற்கு ஃபிக்‌ஷன் பதில் சொல்கிறது: அடைப்பதால் மட்டும் இருக்காது. ‘இந்தப் பல்லைக் காப்பாற்ற எது மேல்?’ என்பதற்கு டேசைடு பதில் சொல்கிறது: மூடி வை. டாக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிற அம்மா கேட்பது இரண்டாவது கேள்வி. அவருக்கு முதல் கேள்வியின் பதிலைக் கொடுத்து அனுப்புவதுதான் இப்போது நடப்பது.

ஆய்வின் மேல் என் குறைகள்

ஒன்று, காலம். நாலு வயதுக் குழந்தையை மூன்று வருஷம் பார்த்தால் ஏழு வயது. கடைவாய்ப் பால் பல் இன்னும் பாதி ஆயுளில் இருக்கிறது. அடைப்பின் பலனும் சரி, தோல்வியும் சரி, முழுசாகத் தெரியக் காலம் போதாது.

இரண்டு, ‘வழக்கமான வைத்தியம்’ என்ற ஒரே பெயருக்குள் ரொம்ப விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. மேல்பரப்புப் பள்ளத்தில் உள்ள சொத்தையை அடைப்பதும், இரண்டு பல் ஒட்டும் இடத்தில் உள்ள சொத்தையை அடைப்பதும் ஒன்றல்ல. பின்னது சின்னப் பல்லில், எச்சில் ஊறும் வாயில், நெளிகிற குழந்தைக்குச் செய்கிற வேலை. அங்கே அடைப்பு சீக்கிரம் பெயர்வது ஆச்சரியம் இல்லை. எல்லாவற்றையும் கலந்து ஒரு சராசரி எடுத்தால், எந்தச் சொத்தைக்கு அடைப்பு பயன்படும் என்ற தகவல் கரைந்துபோகிறது.

மூன்று, இன்று உலகெங்கும் பேசப்படும் சில்வர் டயமைன் ஃப்ளூரைடு இந்தப் போட்டியில் இல்லை. ஜப்பானில் 1970-களிலிருந்து புழக்கத்தில் உள்ள மருந்து. சொத்தை மேல் தடவினால் அது கெட்டிப்பட்டு நிற்கும். சீனாவில் 375 பாலர் வகுப்புக் குழந்தைகளின் முன்பற்களில் சோதித்து 2002-ல் நல்ல பலன் என்று எழுதினார்கள். ஒரே சங்கடம், தடவிய இடம் கரி மாதிரி கருத்துவிடும். ஆய்வு திட்டமிட்ட காலத்தில் பிரிட்டனில் அது புழக்கத்துக்கு வரவில்லை, ஆகவே இதைக் குறை என்பதைவிட எல்லை என்பது நியாயம். ஆனால் ‘அடைப்பதா, விடுவதா’ என்ற இருவழிக் கேள்வியே இப்போது பழசாகிவிட்டது.

நம் ஊருக்குக் கொண்டுவரும்போது

பிரிட்டனில் குழந்தைகளுக்கு அரசுப் பல் வைத்தியம் இலவசம். தடுப்புக் குழுவில் இருந்த குழந்தை திரும்ப வருவதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. வலி வந்தால் போக இடம் இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் கைக்காசு. ‘தடுப்பு மட்டும் போதும்’ என்று சொல்லி அனுப்பினால் திரும்பி வருவது வலி வந்த பிறகுதான்.

பற்பசையே வேறு. பிரிட்டனில் சொத்தை அபாயம் உள்ள குழந்தைகளுக்கு 1350 முதல் 1500 பிபிஎம் ஃப்ளூரைடு உள்ள பசையைச் சொல்கிறார்கள். நம் நாட்டு விதிப்படி மேல் எல்லையே 1000. குழந்தைகளுக்கென்று வண்ணப்பெட்டியில் விற்கும் பசைகள் பலவற்றில் அதைவிடக் குறைவு, சிலவற்றில் சுத்தமாக இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு அதிகம், அங்கே கணக்கு வேறு. அங்கே டாக்டரைக் கேட்காமல் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இன்னொரு பக்கம் பணம். ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கட்டணம் வாங்கும் இடத்தில், ஒரு குழந்தைக்கு ஒரே நாளில் நாலு ரூட் கெனால், நாலு கேப் என்று சீட்டு எழுதப்பட்டால் பெற்றோருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. அந்தச் சந்தேகத்துக்கு ஃபிக்‌ஷன் ஆயுதமாகப் பயன்படுகிறது. என் சொந்தத்திலேயே ஒரு வீட்டில் அப்படி ஒரு சீட்டைப் பார்த்துப் பயந்து, ‘வெளிநாட்டு ஆராய்ச்சியே வேண்டாம்னு சொல்லுது’ என்று மொத்தமாக விட்டுவிட்டார்கள். எட்டு மாதத்தில் ஒரு பல் சீழ் பிடித்தது. சீட்டு அளவுக்கு மீறியதாக இருந்திருக்கலாம். அதற்குப் பதில் எதுவும் செய்யாமல் இருப்பது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், டாக்டரிடம் கேட்க வேண்டியவை ஐந்து:

1. இந்தப் பல் இன்னும் எத்தனை வருஷம் நிற்கும்?
2. சொத்தை நரம்புக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது? எக்ஸ்ரே சொல்லும்.
3. சொத்தை பரவுகிறதா, கெட்டியாகி நின்றுவிட்டதா?
4. அந்தக் குழியைப் பிரஷ் எட்டுமா, இல்லை இரண்டு பல் இடுக்கிலா?
5. சுரண்டாமல் கேப் போட முடியுமா, மருந்து தடவி நிறுத்த முடியுமா?

வலியோ வீக்கமோ ஏற்கெனவே வந்துவிட்ட குழந்தைக்கு ஃபிக்‌ஷன் பொருந்தவே பொருந்தாது. அப்படிப்பட்ட குழந்தைகளை அவர்கள் சேர்க்கவே இல்லை. அங்கே வைத்தியம்தான், விவாதம் இல்லை.

உண்மையான தலைப்புச் செய்தி

42, 40, 45 என்ற மூன்று எண்களுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மூன்று எண்ணும் எவ்வளவு பெரியவை என்று பேசுகிறவர்கள் குறைவு. இலவச வைத்தியம் உள்ள நாட்டில், ஆய்வில் சேர்ந்து, பயிற்சி பெற்ற டாக்டரின் பார்வையில் இருந்த குழந்தைகளில், எந்த வைத்தியம் கிடைத்தாலும், பத்தில் நாலு பேருக்கு மூன்று வருஷத்துக்குள் வலியோ சீழோ வந்தது. அதே இங்கிலாந்தில் ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவதற்கு முதல் காரணமே பல் சொத்தைதான்.

குழி என்பது நோயின் தடம். நோய் வாயில் தினம் நடக்கிறது, சர்க்கரைக்கும் கிருமிக்கும் எச்சிலுக்கும் நடுவே. டென்டின் வரை குழி இறங்கிய பிறகு டாக்டர் நாற்காலியில் எதைச் செய்தாலும், அந்த வாயில் அடுத்த பல் வரிசையில் நிற்கிறது. ஸ்காட்லாந்தில் பாலர் பள்ளிகளிலேயே ஆசிரியர் மேற்பார்வையில் தினமும் ஃப்ளூரைடு பசையால் துலக்க வைக்கிறார்கள். அது இந்த ஆய்வின் மூன்று குழுவுக்கும் முன்னால் வருகிற வேலை. நம் அங்கன்வாடிகளில் சத்துமாவு கொடுத்து முடிந்ததும் இரண்டு நிமிஷம் அதற்கு ஒதுக்க என்ன செலவு ஆகும் என்று யாராவது கணக்குப் போட்டால் வாசிக்க ஆசை.

அதுவரை, பிள்ளைக்கு வந்துவிட்ட சொத்தையை ஒரு சதவீதத்தைக் காட்டி விட்டுவிடாதீர்கள். ராத்திரி பல் துலக்கிவிட்டு, பிறகு தண்ணீர் தவிர எதுவும் கொடுக்காமல் படுக்க வையுங்கள். அடுத்த வாரம் அந்த ஐந்து கேள்வியோடு டாக்டரைப் போய்ப் பாருங்கள்.